முழு நிமிடம்

எட்டு விநாடி இருந்த பதிவு, இன்று ஒன்பது விநாடியாகியிருந்தது.

டெக்னீஷியன் திரையை மறுபடியும் பார்த்தான். போன வாரம் வந்த அம்மாளின் கண்களைப் படம்பிடித்த பதிவுதான். தலைசுற்றல் சோதனைக்கு, காமிரா பொருத்திய கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஆளைச் சட்டென்று சாய்த்துத் தலையைத் தொங்கவிட வேண்டும். காதுக்குள் கோளாறு இருந்தால், சில விநாடி கழித்துத்தான் கருவிழி துடிக்கத் தொடங்கும். அதற்காக ஒரு முழு நிமிடம் காத்திருப்பது விதி. அன்று வெளியே பதினோரு பேர், இவனுக்குப் பசி வேறு. எட்டாவது விநாடியில் தூக்கி உட்காரவைத்து, 'கோளாறு இல்லை' என்று எழுதிவிட்டான்.

"உங்க கட்டில் சமத்து தம்பி, எங்க வீட்டுக் கட்டில்தான் ராட்டினம்" என்று சிரித்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் மாடிப்படியில் தலைசுற்றி விழுந்து இறந்தாள். அன்றிலிருந்து கைகழுவும்போதுகூட அவன் மனம் எட்டுவரைதான் எண்ணுகிறது.

இப்போது அவள் கணவர் எதிரே நின்றார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி. அன்னிக்கு முழுசாப் பார்த்தீங்கதானே? படியேறாதேன்னு சொன்னேன். 'டெஸ்ட்லயே ஒண்ணுமில்லேன்னுட்டாங்க, நீங்க சும்மா இருங்க'ன்னா."

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வேலை போய்விடும்.

"முழு நிமிஷமும் பார்த்தேங்கய்யா."

பெரியவர் தலையாட்டினார். ஆட்டியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவ போனதிலேருந்து எனக்கும் சுத்துது. கொஞ்சம் பார்த்துடுங்களேன்."

கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தான். ஸ்பிரிட் வாசனையும், மின்விசிறியின் கரகரப்பும், பெரியவரின் மூச்சும் மட்டும் அந்தப் பகல் இருட்டில் மிஞ்சின. கண்ணாடியை மாட்டினான். தலையை உள்ளங்கையில் தாங்கிச் சாய்த்தான்.

திரையில் இரண்டு கண்கள். அகலத் திறந்து.

ஆறு. ஏழு.

எட்டு. பழக்கத்தில் கை தூக்கப் பார்த்தது. தலை எழவில்லை. கல்லாய்க் கனத்தது.

ஒன்பது. கருவிழிகள் துடிக்கத் தொடங்கின.

"கண்ணை... இப்படியே திறந்து வெச்சிருங்கய்யா."

"எங்க தம்பி திறக்கறது? படுத்ததிலேருந்து பயத்துல இறுக்கி மூடிட்டிருக்கேனே."

முப்பது. நாற்பது. திரையில் இமை ஒருமுறைகூடக் கொட்டவில்லை.

அறுபது. துடிப்பு நின்றது.

கையை இழுத்தான். வரவில்லை.

திரையில் அந்த இரண்டு கருவிழிகளும் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, அவன் நின்ற பக்கம் வந்து, நிலைத்தன.