ஆற்றுவாய் வெட்டிய கண்ணகை

காவல்காரன் மணலில் குப்புறப் படுத்துக் கிடந்தான். மழை கொட்டுகிறது... வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வயலெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிறது... இவருக்கு நித்திரை கேட்கிறதாக்கும். தோணியை விட்டு இறங்கிய கண்ணகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்ச... ஒழும்புங்க. படுக்கிறதுக்கா உங்கள இதில வச்சிருக்கு?"

"சத்தம் போடாதீங்க. தண்ணி அளக்கிறன்."

வாவியில் நட்டிருந்த கம்பை ஒற்றைக் கண்ணால் பார்த்து முடித்துவிட்டுத்தான் அவன் நிமிர்ந்தான். மூக்கு நுனியில் மணல். மழைத்துளி தொங்கும் இமைகள்... அவற்றின் கீழே அவசரமே அறியாத இரண்டு கண்கள். அடுத்துச் சொல்ல வந்த வசவைக் கண்ணகை விழுங்கிவிட்டாள். அது அவள் அடிக்கடி செய்கிற காரியமல்ல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டுக் கார்த்திகை மழை அது. பெரியகல்லாற்றில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. மழைக்கு வாவி நிரம்பி வயலுக்குள் ஏறும்போது, அந்தத் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். ஆற்றுவாய் வெட்டுவது என்று அதற்குப் பெயர். உரிய நாள் வரும்வரை யாரும் அதில் கைவைக்கக் கூடாது. அந்த வருஷக் காவலுக்கு விவசாயிகளும் மீன்பிடிகாரரும் சேர்ந்து நியமித்தவன்தான் இந்த யோகராசா.

"எப்ப வெட்டுவீங்க?"

"இன்னும் நாலு விரற்கடை ஏறோணும். அதுக்கு மறுகா கடல் வத்துற நேரம் பாக்கோணும்."

"அதுக்குள்ள எங்கட வேளாண்மை அழுகிப் போயிரும்."

"பயிர் நாலஞ்சு நாளைக்கு மூச்சடக்கும். உங்களுக்குத்தான் ஏலாது போல..."

சிரிக்கிறானே... சிரித்தால் கன்னத்தில் குழி வேறு விழுகிறதே! கண்ணகை முகத்தைத் திருப்பிக்கொண்டு தோணியில் ஏறினாள்.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். கண்ணகைக்கோ ஆக்கவே பொறுக்காது. சின்ன வயதில் கச்சான்கடலை நட்டுவிட்டு, முளைத்துவிட்டதா என்று மூன்றாம் நாளே கிண்டிப் பார்த்தவள் அவள். அப்பாவோ வரம்பில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம், யோகராசா சோறு தின்னப் போன நேரம் பார்த்து மண்வெட்டியோடு வந்தாள். திட்டு ஒடுங்கிய இடமாகத் தேடி வெட்டினாள். கை கொப்பளித்தது. கடைசி வெட்டுக்குத் தண்ணீர் சலசலவென்று கடலைப் பார்த்து ஓடியது. "பாத்தீங்களா, எவ்வளவு லேசு," என்று அங்கே இல்லாதவனிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

பின்னேரம் கடல் ஏறியது. அலை மணலை அள்ளி அள்ளிக் கொட்டி, அவள் வெட்டிய வாய்க்காலை முன்னைவிட உயரமாக மூடிவிட்டது. வாவியில் இருந்த தண்ணீரும் இரண்டு விரற்கடை குறைந்து போனது. வேகமாகப் பாயத் தண்ணீர் போதாவிட்டால் வாய் நிலைக்காது. வயலிலோ தண்ணீர் வற்றவேயில்லை. விரற்கடைக்கு ஒரு நாள் என்று நாலு நாள் காத்திருக்க வேண்டிய ஊர் இனி ஆறு நாள் காத்திருக்க வேண்டும்.

விடிந்ததும் சனம் திட்டில் கூடிவிட்டது. கண்ணகையும் அப்பாவுக்குப் பின்னால் நின்றாள். வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை மீராசாஹிப் கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, உன்ட காவலில இது எப்பிடி நடந்த?"

யோகராசா மணலைப் பார்த்தான். அங்கே அலை எட்டாத இடத்தில், ஆழப் பதிந்த சின்னச் சின்னக் காலடிகள் இன்னும் அழியாமல் கிடந்தன. அவற்றின் மேல் மெல்ல ஏறி நின்றுகொண்டான்.

"என்ட கவலையீனம்தான், விதானையார்."

"அப்ப காவலுக்கு வேற ஆளப் போடுவம்," என்றார் ஒருவர். யோகராசா சரியென்று தலையாட்டினான்.

கண்ணகை அவன் கால்களைப் பார்த்தாள். சொன்னால் அப்பா தலைகுனிவார்... சொல்லாவிட்டால் ஒரு நல்லவன் பழியோடு வீட்டுக்குப் போவான்... கொப்பளித்த கைகளை விரித்தபடி முன்னால் வந்தாள்.

"நான்தான் வெட்டின. அவர் பொறுக்கச் சொன்னவர். எனக்குத்தான் பொறுமையில்லாமப் போயிற்று. எல்லாரும் என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க."

அப்பா தலைகுனிந்தார். சனம் முணுமுணுத்தது. மீராசாஹிப் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, "காவல் தம்பியோடயே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆறு நாளும் கண்ணகை தோணியில் வந்து கம்பைப் பார்த்தாள். ஏன் இன்னும் ஏறவில்லை என்று ஒரு தரமும் கேட்கவில்லை. மழையில் நனைந்தபடி இரண்டு பேரும் அளவு பார்த்தார்கள்... சில வேளை கம்பைப் பார்க்கவும் மறந்து போனார்கள்.

ஏழாம் நாள் கடல் வற்றியது. நாற்பது மண்வெட்டிகள் ஒன்றாக இறங்கின. ஒரு முழ அகலத்தில் தொடங்கிய ஓட்டம், சூரியன் உச்சிக்கு வருமுன் இரண்டு கரையையும் இடித்துக்கொண்டு ஆறாகப் பாய்ந்தது. சனம் குரவையிட்டது.

வயலில் தண்ணீர் வடிந்தது. பயிர் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தாலும் வேர் சாகவில்லை. பத்தாம் நாள் குருத்துப் பச்சை தெரிந்தபோது கண்ணகை வரம்பில் குந்தியிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

யோகராசா வரம்பில் நடந்து வந்தான். சால்வையை முறுக்கினான்... அவிழ்த்தான்... மறுபடி முறுக்கினான்.

"என்ன, இஞ்சயும் தண்ணி அளக்க வந்தீங்களா?"

"வேளாண்மை வெட்டின பிறகு உங்கட அப்பாவோட கதைப்பம் எண்டுதான் இருந்தன்... எனக்குப் பொறுக்க ஏலாமக் கிடக்கு, கண்ணகை. உங்களக் கண்ட நாளில இருந்து கண்ணுக்குள்ள நீங்கதான். இண்டைக்கே அம்மாவ அனுப்பட்டா?"

கண்ணகையின் முகம் சிவந்தது. இண்டைக்கே என்று சொல்லத்தான் நெஞ்சு துடித்தது. ஆனால் அப்பாவின் மனம் இன்னும் ஆறவில்லை. சாய்ந்த பயிரும் இனித்தான் நிமிர வேண்டும். வீட்டுக்கு நெல் வந்து, அப்பா தலை நிமிர்ந்து நிற்கிற நாளில் அல்லவா இவன் வர வேண்டும்...

"இண்டைக்கு வேணாம்," என்றாள்.

அவன் முகம் வாடியது.

"வேளாண்மை வெட்டட்டும். மறுகா அம்மாவக் கூட்டிக்கொண்டு வாங்க," என்றாள் கண்ணகை, அவன் கண்களை நேராகப் பார்த்து. "மூணு மாசமெண்டாலும் நான் பொறுத்திருப்பன்."