ஒரு சிட்டிகை மாவிளக்கு

"ஒரு சிட்டிகைதான் கண்ணகி, அதுக்குப் போயி..."

"ஒரு சிட்டிகையோ ஒரு படியோ, யாரைக் கேட்டு என் புள்ள வாயில வெச்சீங்க?"

"அரிசி மாவும் வெல்லமும். அதுல என்ன இருக்கு..."

"ஒங்களுக்கு மாவும் வெல்லமும், அண்ணி. அம்மனுக்கு முன்னால வெளக்கேத்திப் படைச்சது அது."

"மூணு தலைமுறையா ஞானஸ்நானம் எடுத்த குடும்பம் எங்களுது. நேத்து வந்தவ நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"மூணு தலைமுறையா அரைக் கிறிஸ்தவங்களா இருந்து என்ன பிரயோசனம்?"

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. ரேடியோகூடப் பயந்துபோனது போல மெதுவாகப் பாடியது.

பூங்குழலி அடுப்படி வாசலில் பித்தளைத் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பத்து வயது. தட்டில் பாதி மாவிளக்கு மிச்சம் இருந்தது. ஆடி வெள்ளிக்கிழமை என்பதால் பக்கத்து வீட்டுச் சத்யா கொண்டுவந்து கொடுத்தது. அம்மா ஒரு துண்டு சாப்பிட்டாள், பூங்குழலிக்கு ஒரு துண்டு கொடுத்தாள், பிறகு கீழே தவழ்ந்து வந்த எபியின் வாயிலும் ஒரு சிட்டிகை வைத்தாள். அதுதான் வினையாகிவிட்டது.

எபி கண்ணகி அத்தையின் பிள்ளை. பிறந்து பத்து மாதம். சண்டைக்குக் காரணமான அவன் மட்டும், இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான்.

அப்பா திண்டாடிப் போனார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மைத்துனனின் மனைவி. அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மாமாவுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்ததிலிருந்து, மாமாவும் அத்தையும் எபியும் கீழப்பழுவூரில் பூங்குழலி வீட்டில்தான் இருந்தார்கள். வேலை நிலைக்கிற வரை இருக்கட்டும் என்று அம்மாவே கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். அன்று மாலை மாமா வேலையிலிருந்து வந்ததும் அத்தை அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அரியலூர்ல அந்த ரூமைப் பேசி முடிங்க. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தட்டு இந்த வாசப்படி ஏறும். அதுக்குள்ள, வியாழக்கிழமையே நாம போயிடணும்."

பூங்குழலி எபியைப் பார்த்தாள். எபி நேற்றுத்தான் சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். இன்னும் கொஞ்ச நாளில் நடந்துவிடுவான். முதல் அடியை அரியலூரில், அவள் பார்க்காத ஒரு அறையிலா வைப்பான்?

மறுநாளே வீட்டில் இரண்டு சமையல் ஆரம்பமானது. அம்மா அடுப்படியில். அத்தை பின்கட்டில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வில். பேச வேண்டியதையெல்லாம் பூங்குழலி வழியாகப் பேசினார்கள். பால் காய்ந்துவிட்டது என்று அத்தையிடம் சொல்லு என்பாள் அம்மா. அத்தை மூன்றடி தூரத்தில்தான் இருப்பாள். பூங்குழலி திரும்பி, "பால் காஞ்சிடுச்சாம்" என்பாள். தெரியும் என்று சொல்லு என்பாள் அத்தை.

எபிக்கு மட்டும் நல்ல காலம். அடுப்படியில் ஒரு வாய் பருப்புச் சோறு வாங்கிக்கொள்வான். ஒன்றும் சாப்பிடாதவன் போலப் பின்கட்டுக்குத் தவழ்ந்து போய் அங்கே ஒரு வாய் ரசச் சோறு வாங்கிக்கொள்வான். மூன்று நாளில் அவன் அரைஞாண் கயிறு இறுக்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் அம்மா முன்வரிசையில், அத்தை கடைசி வரிசையில். நடுவில் பூங்குழலி. எந்தப் பக்கம் பார்த்துப் பாடுவது என்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்தையே பார்த்துப் பாடினாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், துணி துவைக்கும் கல்லருகே போய் நின்றாள். அத்தை எபியின் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மாவிளக்கு தின்னா பாவமா?"

அத்தை சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு ஈரக் கையோடு கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"எங்கப்பா யாருன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். ரஞ்சன்குடிப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயிலில் பூசாரி. அத்தை கல்யாணத்துக்கு முன்னாலேயே, தானாக ஆசைப்பட்டு ஞானஸ்நானம் எடுத்தவள். மூன்று வருடம்தான் ஆகிறது.

"எந்தம்பி குழந்தைவேலுக்கு அம்மை போட்டுச்சு. அப்ப எனக்கு ஒன் வயசு. மாவிளக்கைத் தலையில வெச்சுக்கிட்டுக் கோயில மூணு சுத்து சுத்தினேன். தாயே, எந்தம்பியக் குடுத்துடுன்னு அழுதேன். எனக்கு அது பலகாரம் இல்ல பூங்குழலி. வேண்டுதல். இன்னிக்கும் அந்த நெய்த்திரி கருகின வாசம் வந்தா எங்கை தன்னால கும்பிடப் போவுது. இனிமே இயேசப்பாகிட்ட மட்டும்தான் வேண்டுவேன்னு நான் சொல்லிட்டேன். அதை வாயில போட்டா, அவருக்குக் குடுத்த வாக்க மீறின மாதிரி எனக்கு இருக்கும்."

"தம்பி பொழைச்சிட்டாரா?"

"திருப்பூர்ல பனியன் தைக்கிறான். தடிமாடு மாதிரி இருக்கான்."

அத்தை லேசாகச் சிரித்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

பூங்குழலி அம்மாவிடமும் போனாள். அந்தத் தட்டு வேண்டாம் என்று சத்யாவின் அம்மா மருதாயி பெரியம்மாவிடம் சொல்லிவிட்டால்தான் என்ன என்று கேட்டாள்.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"ஒனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப, பத்து நாளும் வெடியறதுக்குள்ள வரப்புல போயி கீழாநெல்லி பறிச்சு, அரைச்சு எடுத்துட்டு வந்தவங்க அவங்க. அவங்க கையால குடுக்கறத வேணாம்னு நான் எப்படிச் சொல்லுவேன்? எம் மனசுல ஒரு குத்தமும் இல்ல. ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டுத்தான் நான் வாயில போட்டேன்."

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "அரைக் கிறிஸ்தவளாம்" என்று கீரையிடம் சொன்னாள்.

அத்தை சொன்னதைக் கேட்டபோது அத்தை பக்கம் சரி என்று தோன்றியது. அம்மா சொன்னதைக் கேட்டபோது அம்மா பக்கமும் சரி என்று தோன்றியது. இது என்னடா கணக்கு, இரண்டு விடையும் சரியாக வருகிறதே என்று பூங்குழலி யோசித்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிப் போனது. அது அடங்கியதும் சத்யாவிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை தட்டை எங்கள் வாசலுக்குக் கொண்டுவராதே, தெருமுனையில் நின்று என்னிடம் கொடு, அவ்வளவையும் நாம் இரண்டு பேருமே தின்றுவிடலாம், தட்டைக் கழுவித் தந்துவிடுகிறேன்.

சத்யாவுக்கு யோசனை பிடித்திருந்தது. அவளுக்கும் பாதி கிடைக்கும் அல்லவா? ஆனால் அவள் புத்திசாலி.

"எங்கம்மா ஒங்கம்மாகிட்ட, வெல்லம் சரியா இருந்துச்சான்னு கேப்பாங்களே. வருஷா வருஷம் கேப்பாங்க. அப்ப?"

அப்போது அம்மா பொய் சொல்ல வேண்டும். அல்லது பூங்குழலி மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் நன்றாக இல்லை. மத்தியானம் சத்துணவில் முட்டை போட்டார்கள். அவளுக்கு அதுகூட இறங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அத்தையின் தகரப்பெட்டி கூடத்துக்கு வந்திருந்தது. உள்ளே எபியின் சட்டைகள் அடுக்கியிருந்தன. எபி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, அடுக்கியதை ஒவ்வொன்றாக வெளியே எறிந்துகொண்டிருந்தான்.

பூங்குழலி புத்தகப் பையை வைத்தாள். யாரிடமும் சொல்லாமல் நேராக மருதாயி பெரியம்மா வீட்டுக்கு நடந்தாள். நடக்க நடக்கக் கால் மெதுவானது. பெரியம்மா கோபித்துக்கொண்டால்? எங்கள் சாமி பிரசாதம் உங்களுக்கு ஆகாதா என்று கேட்டுவிட்டால்? கீழாநெல்லி அரைத்த கையல்லவா?

பெரியம்மா முற்றத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் புண்ணாகாமல் இருக்கக் கையெல்லாம் சாம்பல்.

"என்னடி, மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? வாத்தியாரு அடிச்சாரா?"

பூங்குழலி நின்றபடியே சொன்னாள். அத்தை சின்ன வயதில் மாவிளக்கு எடுத்ததைச் சொன்னாள். இப்போது இயேசப்பாவிடம் மட்டும் வேண்டிக்கொள்வதாகச் சொன்ன வாக்கைச் சொன்னாள். எபி வாயில் அம்மா வைத்த சிட்டிகையைச் சொன்னாள். அம்மாவுக்கு அது இனிப்பு மட்டும்தான் என்பதையும், தட்டைத் திருப்பினால் பெரியம்மா மனது நோகும் என்று அம்மா பயப்படுவதையும் சொன்னாள். நாளைக்கு அத்தை போய்விடுவாள் என்பதையும் சொன்னாள்.

"அதனால, வெள்ளிக்கிழமை எங்க வூட்டுக்குத் தட்டு வேணாம் பெரியம்மா. எனக்குக் குடுக்கணும்னா நான் இங்க வந்து சாப்பிடறேன். கோவிச்சுக்காதீங்க."

பெரியம்மா உடைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். பூங்குழலி கண்ணை மூடிக்கொண்டாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியம்மா உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"ஒங்கம்மா கிறிஸ்துமஸுக்குக் கேக்கு குடுப்பாளே, அதுல முட்டை உண்டுதானே?"

"நாலு முட்டை."

"மார்கழி மாசம் நான் கவுச்சி தொட மாட்டேன். முட்டையும் ஆகாது. எங்கம்மா காலத்துல இருந்து அப்படித்தான்."

"அப்ப எங்க கேக்கு?"

"இதோ, எங்கூட்டுக்காரரு இருக்காரே, ஆறு வருஷமா அவருதான் திங்கறாரு. வேணாம்னா ஒங்கம்மா மூஞ்சி வாடிப்போவும்னு வாங்கி வெச்சுக்குவேன்."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ராசாங்கம் பெரியப்பா, "கேக்கை மட்டும் நிறுத்திடாதம்மா" என்று அங்கிருந்தே சொன்னார்.

பூங்குழலிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குப் பெரியம்மாவுக்கு முறுக்கு, பெரியப்பாவுக்குக் கேக் என்று அங்கேயே பேசி முடித்தாள். திரும்பி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். அத்தை பின்கட்டில் ஸ்டவ்வுக்குத் திரி ஏற்றிக்கொண்டிருந்தாள். பூங்குழலி இரண்டுக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி நின்றுகொண்டாள். அம்மா ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டாள் என்பதில் தொடங்கி, பெரியம்மா வீட்டில் நடந்தது முழுவதையும் சொன்னாள்.

கேக் கதை வந்ததும் அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். ஆறு வருடமாகவா என்று கேட்டாள். ஆறு வருடமாக ஒரு வாய்கூடவா சாப்பிடவில்லை? போன வருடம், கேக் பஞ்சு மாதிரி இருந்தது என்று சொன்னாளே?

"அது பெரியப்பா சொன்னதாம். பெரியம்மா கேட்டு வந்து ஒங்கிட்டச் சொன்னாங்களாம்."

பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆனாலும் அது சிரிப்புதான். அம்மா முறைத்துப் பார்க்கப் போனாள், முடியவில்லை. அவளுக்கும் வந்துவிட்டது.

"பெரியம்மாவுக்கு மார்கழியில முட்டை ஆகாது. அத்தைக்கு மாவிளக்கு ஆகாது. ஒனக்கு ரெண்டும் ஆகும். அவ்வளவுதானேம்மா?" என்றாள் பூங்குழலி.

அம்மாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கையில் இருந்த கரண்டியைப் பார்த்தாள். பிறகு, ஐந்து நாளில் முதல் முறையாக, பூங்குழலி வழியாக இல்லாமல் நேராகப் பேசினாள்.

"கண்ணகி, நான் சாப்பிட்டது எனக்குத் தப்பாத் தெரியல. இப்பவும் தெரியல. ஆனா எபி வாயில வெச்சது தப்பு. நீ அவனுக்கு அம்மா. ஒன்னக் கேட்டிருக்கணும். நேத்து வந்தவன்னு சொன்னதும் தப்பு."

அத்தை எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"நானும் சாப்பிட மாட்டேன் அண்ணி. இப்பவும் மாட்டேன். ஆனா ஒங்கள அரைக் கிறிஸ்தவங்கன்னு சொல்லியிருக்கக் கூடாது. நன்றி சொல்லிட்டுத்தான் சாப்பிட்டீங்கன்னு எனக்குத் தெரியாது. அது ஒங்களுக்கும் ஆண்டவருக்கும் இருக்கற பேச்சு. நான் யாரு நடுவுல?"

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். மூன்று நாள் பழைய தாள் அது. தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். இரண்டு பேருமே உள்ளே போனார்கள். அவருக்கு இரண்டு சொம்பு தண்ணீர் வந்தது.

மாமா வேலை முடிந்து சைக்கிளை வாசலில் நிறுத்தினார். நாளைக் காலை எட்டு மணிக்கு வண்டி வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பிறகுதான் கூடத்தைப் பார்த்தார். தகரப்பெட்டி காலியாக இருந்தது. எபி அதற்குள் உட்கார்ந்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் பழையபடி கொடியில் தொங்கியது. மாமா ஒன்றும் கேட்காமல் மறுபடியும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வண்டிக்காரனைத் தேடிப் போனார். போகும்போது விசிலடித்தார்.

அடுப்படியில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அத்தை எபியைப் பெட்டியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, நாளைக்கு இட்டிலிக்கு ஊறப் போடுங்க, நான் மாவாட்டித் தரேன். வெள்ளிக்கிழமை காலையில எல்லாருக்கும் சுடச்சுட இட்டிலி போடலாம்."