முனவ்வறாவின் பெட்டி

"சாச்சி, மௌத்தான ஆக்களுக்கு மெயில் போகுமா?"

சுல்பிகா அதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கடல் ஊருக்குள் வந்து போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவளுடைய உம்மா முனவ்வறாவின் மையத்து அடக்குவதற்குக்கூடக் கிடைக்கவேயில்லை. முனவ்வறாவோடு ஒரே கம்பனியில் வேலை செய்த கமீலா, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "போகும் மகள்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதைப் பொய்யாக்க மனம் வரவில்லை. முனவ்வறாவின் மின்னஞ்சல் பெட்டியை மூடாமல் விட்டு, சுல்பிகா எழுதும்போதெல்லாம் தானாகவே ஒரு வரி திரும்பிப் போகும்படி செய்துவைத்தாள்: வ அலைக்கும் ஸலாம். ஒரு பிள்ளையின் ஸலாம் பதிலில்லாமல் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த வருடம் அந்தப் பெட்டிக்கு ஆபத்து வந்தது. பாதைகள் திறந்து கொழும்பு வியாபாரம் கல்முனைக்கு வர, ஸஹீத் ஹாஜியாரின் அரிசிக் கம்பனி பழைய மின்னஞ்சல்களையெல்லாம் பாதுகாப்பான புதிய தளமொன்றுக்கு மாற்றத் தீர்மானித்தது. வேலை கமீலாவுடையது. மாற்றும்போது குழம்பாமலிருக்க, தானாகப் போகும் பதில்களையெல்லாம் காலையிலேயே நிறுத்தினாள். முனவ்வறாவினுடையதையும்தான். புதிய இடத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தியில், மற்றவர்கள் மழைக்கு முந்திப் போய்விட்ட பிறகு, ஹாஜியார் போனில் கோல் எடுத்தார்.

"கடலோட போன மூண்டு பேர்ர பெட்டியும் வேணா. அழிச்சிரு புள்ள."

"முனவ்வறாட மகள் இன்னும் எழுதிக்கிட்டிருக்கா ஹாஜியார்."

"மையத்துக்கு மெயில் என்னத்துக்கு? கபுறுக்குள்ள கரண்ட் இருக்கா?" தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

கமீலாவின் காதுகள் கொதித்தன. அடக்கம் செய்யப்படாதவளுக்குக் கபுறு எங்கே இருக்கிறது? கடல் வந்த அன்று, பௌர்ணமிப் போயா லீவு நாளில், சாய்ந்தமருதுக் கடற்கரைக் கிளைக்கு மூட்டை எண்ண வரச்சொன்னவர் இவர். முனவ்வறா, றவூப், காவலாளி சாமித்தம்பி மூவரும் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளாவது அவர்களுடைய வீட்டு வாசலை இவர் மிதித்ததுண்டா?

"அழிக்கமாட்டன். வேணுமெண்டா என்னை வேலையால நிப்பாட்டுங்க" என்று சொல்லி போனை வைத்தாள்.

முனவ்வறாவின் பெட்டியைத் திறந்தாள். சுல்பிகாவின் கடிதம் அப்போதுதான் வந்திருந்தது. அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. நான் ஸ்கொலர்ஷிப் பாஸ். மழையில நனைஞ்சு ஓடி வந்து எழுதுறன்.

அதன் கீழே பதிலும் போயிருந்தது. வ அலைக்கும் ஸலாம்.

நிறுத்திய பதில் எப்படிப் போகும்? தேடிப் பார்த்தாள். நிறுத்தியபடியே இருந்தது. பதிலில் இன்னும் ஒரு வரி இருந்தது.

தலையத் துவட்டு மகள். என்னைப் போல ஈரத்தோட இருக்காத.

"எந்த ஹறாங்குட்டிட வேலை இது!" வெறும் அறையில் கத்திவிட்டாள். தாயில்லாப் பிள்ளையோடு விளையாட ஒருவனுக்கு எப்படி மனம் வரும்? எந்தக் கணினியிலிருந்து யார் நுழைகிறார்கள் என்பதைப் புதிய தளம் காட்டிக்கொடுக்கும். கையும் களவுமாகப் பிடிக்கும் வெறியோடு பார்த்தாள். சாய்ந்தமருதுக் கிளையின் கணினி. கட்டடத்தோடு கடல் கொண்டுபோனது. பெயரின் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. இப்போது, இந்த நிமிடம், யாரோ அதன் முன்னால் இருக்கிறார்கள்.

ஹாஜியார் மேலிருந்த கோபமும் இன்னும் தணியவில்லை. அந்தக் கோபத்திலேயே மூன்று பெட்டிகளையும் புதிய தளத்துக்கு மாற்றிவிட்டாள்.

மின்விசிறி மெல்ல மெல்லச் சுழன்று நின்றது. ஓட்டில் மழை கொட்டும் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம், ஈரத்துணி தரையில் இழுபடுவதுபோல, படிகளில் ஏறி வந்தது. அதோடு உப்பும் சேறும் அழுகிய பாசியும் கலந்த வாடை கதவிடுக்கால் நுழைந்து, மேசைகளைத் தாண்டி, அவளுடைய முக்காட்டுக்குள் வந்து நின்றது. கதவு பூட்டியிருந்தது. அவளே பூட்டியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பிடரிக்குப் பின்னால்.

"வ அலைக்கும் ஸலாம்." தொட்டிலிலிருந்து பழகிய நாக்கு, நினைக்குமுன் சொல்லிவிட்டது.

பிறகுதான் உறைத்தது.

ஜன்னல் கண்ணாடியில் முனவ்வறா. தலைமுடி சொட்டியது. அவளுக்குப் பின்னால் றவூப்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பதில் சொன்னாள். மழைச் சத்தத்தில் அது கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.

"தங்கச்சி, வெள்ளம் வடிஞ்சிட்டா?" சாமித்தம்பி.

"ஓம் அண்ணன். வடிஞ்சிட்டு."

கணுக்காலில் குளிர். தண்ணீர். கருப்பு.

கதவு இப்போது இல்லை. நடை நிறைய ஆட்கள். கைக்குழந்தைகள். வாய் நிறைய மணல். ஒவ்வொரு வாயும் அசைந்தது. ஐந்து வருடமாக ஒருவரும் பதில் சொல்லாத ஸலாம்.

கதிரையைத் திருப்பி அவர்களைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"வ அலைக்கும் ஸலாம்." அடுத்தவருக்கு. அதற்கடுத்தவருக்கு.

படிகளில் இன்னும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.