மூன்றடி இரண்டு அங்குலம்

வண்டிப்பாதை பார்லி வயலோடு முடிந்துவிட்டதால் மிச்ச தூரத்தை நடந்தோம். கிளிஃப் தோளில் ஏணி, என் கையில் டேப்பும் நோட்டும். கைவிட்ட தேவாலயங்களை அளந்து வரைபடம் போட்டுக்கொடுப்பது எங்கள் பிழைப்பு. கல்யாணமான இருபத்தாறு வருடமும் அவன் டேப்பின் முனையைப் பிடிப்பான், நான் எண்ணை எழுதுவேன். தோர்ப்ஹாம் தேவாலயத்தில் பூசை நின்று நாற்பது வருடம் ஆகியிருந்தது.

“கூரையைப் பார்த்தியா? நம்ம வீட்டுக் கூரையே தேவலாம்,” என்றான் கிளிஃப்.

“அதைத்தான் நீ ரெண்டு வருஷமா சரி பண்ணப்போறே.”

“ஆரம்பிச்சுட்டாங்க மகாராணி!”

உள்ளே ஈரச் சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் சேர்ந்து மூக்கை அடைத்தது. அறுநூறு வருடத்துக் கட்டடம். தூண்வரிசை தெற்கே சாய்ந்திருந்தது. வடக்கு வாசலை என்றோ கல் வைத்து அடைத்திருந்தார்கள். வளைவின் தழும்பு மட்டும் தெரிந்தது. இந்தப் பழைய கட்டடங்களை நான் நம்புவதே இல்லை. உள்ளே ஒரு அளவு காட்டும், வெளியே வேறு காட்டும். அதனால் சுவரின் கனத்தை முதலிலேயே தனியாக எடுத்துவிடுவேன். பீடத்துக்குப் பக்கத்திலிருந்த சின்ன வாசலில் எடுத்தேன். மூன்றடி இரண்டு அங்குலம்.

அதே சுவரில்தான் அந்தத் துவாரம் இருந்தது. கை நுழையும் அகலம். பீடத்தை நோக்கிச் சாய்வாகப் போகும். வெளியே அதை ஒட்டி முன்பு ஒரு சிற்றறை இருந்திருக்கிறது. அதன் கூரை முட்டிய கோடு சுவரில் இன்னும் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஒரு பெண் ஜெபத்துக்காகத் தானே விரும்பி அப்படி ஒரு அறைக்குள் போவாள். உயிரோடு இருப்பவளுக்குச் சாவுப் பூசை வைத்துவிட்டு வாசலைக் கட்டி அடைப்பார்கள். பிறகு சாகும்வரை அந்தத் துவாரத்தின் வழியே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கே அறை எப்போதோ இடிந்துபோய்விட்டது. துவாரம் மட்டும் மிச்சம்.

கிளிஃபை உள்ளே நிற்கச் சொல்லிவிட்டு, நான் வெளியே காஞ்சொறிச் செடிகளுக்குள் மண்டியிட்டு டேப்பை உள்ளே விட்டேன். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முனை கைக்குக் கிடைத்ததும் அவன் இரண்டு முறை இழுப்பான்.

இரண்டு முறை இழுபட்டது.

எண்ணைப் பார்த்தேன். ஏழடி ஒன்பது அங்குலம். சாய்வைச் சேர்த்துப் பார்த்தாலும் நாலடிக்கு மேல் போகக் கூடாது.

“கிளிஃப், நேராப் பிடி! தூங்கிட்டியா?”

மறுபடி இரண்டு இழுப்பு.

“யாரோட பேசிட்டிருக்கே?”

குரல் என் முதுகுக்குப் பின்னால் வந்தது. கிளிஃப் டீ ஃபிளாஸ்கோடு நின்றுகொண்டிருந்தான். வண்டிக்குப் போய் எடுத்து வந்தானாம்.

டேப் என் கையில் விறைப்பாகவே இருந்தது.

“ஏதாவது கல்லுல மாட்டியிருக்கும், தள்ளு,” என்று அவனும் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு இடது கையைத் தோள்வரை உள்ளே விட்டான்.

“யப்பா, என்னா சில்லுன்னு...”

மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

“ஏவிஸ்.” உதடு மட்டும்தான் அசைந்தது. “உள்ள ஒரு கை இருக்கு.”

“விளையாடாதே.”

“பிடிச்சிருக்கு. விரலை ஒவ்வொண்ணா தடவிப் பார்க்குது.”

அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. திடீரென்று பிடி விட்டு அவன் என் மேலேயே விழுந்தான். கையில் ஒரு கீறல்கூட இல்லை.

கல்யாண மோதிரத்தைக் காணோம்.

பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் உள்ளே ஓடிப் பார்த்தேன். துவாரத்தின் உள்வாயை மூடிக்கொண்டு ஒரு பெரிய சிலந்திவலை. ஒரு இழைகூட அறுபடவில்லை.

வரைபடத்தில் சரியான எண்ணாகப் பார்த்துப் போட்டுக்கொடுத்துவிட்டேன். கிளிஃபைத்தான் சரிசெய்ய முடியவில்லை. வீடு திரும்பியதிலிருந்து கேலி நின்றது, சாப்பாடு பாதியானது. இடது உள்ளங்கையைப் படுக்கையறைச் சுவரில் வைத்துக்கொண்டுதான் படுப்பான். கட்டிலை அறை நடுவே இழுத்துப் போட்டேன். கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது சுவரோரம் இருந்தது.

“நீயா நகர்த்தினே?”

“தெரியலை.”

“வா, டாக்டர்கிட்ட போலாம்.”

“அந்தப் பக்கம் அவ ரொம்ப நாளா தனியா இருக்கா, ஏவிஸ்.”

மகாராணி என்று அவன் கூப்பிட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. கண்ணெதிரே அவனைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

ஒரு நாள் காலை அந்த அறையின் ஜன்னல் திட்டைத் துடைத்தேன். ஜெரேனியம் பூந்தொட்டி ஒன்று வைத்தாலே அதில் இடம் போதாது. இப்போது அதன் பின்னால் இன்னும் மூன்று தொட்டி வைக்கலாம் போலிருந்தது.

எங்கள் வீட்டுச் சுவர் வெறும் ஒன்பது அங்குலச் செங்கல்.

டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். கட்டிலுக்கு மேலே சுவரில், பழைய கணப்பின் புகைக்குழாய் வெளியே போன ஓட்டை உண்டு. முனையை அதில் விட்டேன்.

“கிளிஃப், முழிச்சிருக்கியா? இதைக் கொஞ்சம் பிடி.”

இரண்டு முறை இழுபட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய கிளிஃப் திரும்பிவிட்டான் என்றே நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்தேன்.

மூன்றடி இரண்டு அங்குலம்.

டேப்பைப் பிடித்தபடியே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கிளிஃப் மல்லாந்து படுத்திருந்தான். பிணத்துக்கு வைப்பதுபோல் இரண்டு கையும் மார்பின் மேல் இருந்தன. இடது கை விரலில் மோதிரம். எங்களுடையது தங்கம்.

இது ஈயம்.

“கிளிஃப்! கிளிஃப்!”

அவன் கண் திறக்கவில்லை. மார்பு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. என் கையில் டேப் மறுபடி இழுபட்டது, முன்னைவிட வேகமாக. விட்டால் அவன் போய்விடுவான். இரும்பு விளிம்பு விரலை அறுக்க அறுக்கப் பிடித்துக்கொண்டேன். நான் விடவில்லை.

அந்தப் பக்கமும் விடவில்லை.