எல்லைக்கல்லின் மேல் ஓர் ஆரஞ்சு

“அதைக் கீழ வைங்க.”

லூர்துசெல்வி சொல்லி முடிப்பதற்குள் கடைசிச் சுளையும் அவன் வாய்க்குள் போய்விட்டது.

கொட்டச்சேட்டு எஸ்டேட்டின் எல்லைக்கல் அது. அதன் மேல், பழம் பறிக்கிற பாவாயி அக்காவிடம் கேட்டு வாங்கிய கூடை, மடித்த தலைத்துண்டு, ஓர் அலுமினிய டம்ளர், கூடையோரம் ஒற்றை இலையோடு இடப்பக்கம் சாய்ந்த ஆரஞ்சு... வெளிச்சம் பார்த்துப் பார்த்து அவள் அடுக்கி வைத்தது. பென்சில் படம் மட்டும்தான் முடிந்திருந்தது. கரித்துண்டு எடுக்க வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள்... கல்லின் மேல் வெறும் தோல்.

“ஏனுங்க, இது எல்லைக்கல்லுதானுங்களே?” என்றான் அவன், வாயைத் துடைத்துக்கொண்டு. “கல்லு மேல வெச்ச பழம் வழிபோறவங்களுக்குன்னுதானே உங்க எஸ்டேட்டு வழக்கம்?”

வழக்கம் அதுதான். காப்பி பறிப்பு தொடங்கும் மாதங்களில் மரத்து ஆரஞ்சுகளைக் கல்லின் மேல் வைப்பார்கள். போகிறவர் வருகிறவர் யாரையும் கேட்காமல் எடுத்துத் தின்னலாம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஆரோக்கியதாஸின் மகளுக்கு இது தெரியாதா என்ன? வெளிச்சத்தைப் பார்த்தவள் வழக்கத்தை மறந்துவிட்டாள். தப்பு தன் பக்கமும் இருக்கிறது என்று தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

“இது வழிபோறவங்களுக்கில்லீங்க. படத்துக்கு வெச்சது.”

“படம் பழம் திங்குமாங்க?”

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் கண்கள்... மழை இறங்கப் போகும் நேரத்து ஏரி மாதிரி, கறுத்து, உள்ளே எங்கோ ஒரு மினுக்கம். எதற்கு இதையெல்லாம் கவனிக்கிறோம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அவன் பெயர் சின்னசாமி. கொட்டச்சேட்டுக்கும் ஏற்காட்டுக்கும் ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அவனுடையது. எஞ்சின் சூடேறிப்போய் ஊற்றில் தண்ணீர் பிடிக்க வந்திருந்தான். கையில் ஒரு நசுங்கிய தகரக் கேன். அதில் சிவப்புப் பெயின்டில் ‘சி’ என்று ஒரே எழுத்து.

அவள் படபடவென்று சொல்லித் தீர்த்தாள். ஏற்காட்டு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை. அதற்கான தேர்வுக்குத் தலைப்பு, ‘விளைச்சல்’. ஒரே அடுக்கை நாலு விதமாக வரைந்து கொண்டுவர வேண்டும். பென்சில், கரி, வாட்டர் கலர், கடைசியாக லினோ... ரப்பர் மாதிரித் தகட்டில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கிற அச்சு. வேலை கிடைத்தால் அவள் நினைத்தபடி. கிடைக்காவிட்டால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் சேலத்து ஜவுளிக்கடை மாப்பிள்ளைக்கு அப்பா சரி சொல்லிவிடுவார்.

அவன் முகத்திலிருந்த விளையாட்டு மெல்ல இறங்கியது. அதே மாதிரிப் பழம் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

கொண்டும் வந்தான். ஒன்று பெரிசு. ஒன்று பச்சை. ஒன்றுக்கு இலை இல்லை. அவள் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தள்ளிவிட்டாள்.

“பொண்ணு பார்க்கற மாதிரியில்ல பார்க்கறீங்க...”

“பொண்ணு பார்க்க வர்றவங்க இவ்வளவு நல்லாப் பார்க்கறதில்லீங்க.”

அவன் தள்ளிய பழங்களை அள்ளிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினான். அவளுக்கு அன்றைக்கு முழுக்க அதே சந்தோஷம்.

மறுநாள் அவளுக்கே ஒரு வீம்பு வந்தது. பழம் போனால் போகட்டும்... தோல் இருக்கிறதே? சுருண்ட தோலின் உட்புறத்து இருட்டுக்குக் கரி எவ்வளவு பொருத்தம் என்று வரைந்த பிறகுதான் தெரிந்தது. வாட்டர் கலருக்கு உட்காரும்போது தோல் காய்ந்து செம்பழுப்பாகியிருந்தது. பக்கத்தில் குளிர்ச்சியாக ஒரு சாம்பல் நிறம் வேண்டும் போலிருந்தது. சின்னசாமி ஊற்றோரம் விட்டுப் போயிருந்த கேனைத் தூக்கிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். நிறத்துக்காகத்தான் என்று தனக்கே இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். தூறல் பட்டுப் பளபளத்த அந்தச் சிவப்பு எழுத்தை வரையும்போது மட்டும் தூரிகை ஏனோ மெதுவாகப் போனது...

படம் காயும்போதே அப்பா பார்த்துவிட்டார். ‘சி’ போட்ட கேன் யாருடையது என்று கொட்டச்சேட்டில் தெரியாதவர் யார்?

“அவன் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கறவன். நாம ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவங்க. அதை அழிச்சுட்டு ஒரு மெழுகுவத்தி வரை, கண்ணு.”

“வாட்டர் கலரை அழிக்க முடியாதுங்கப்பா.”

“அப்ப அடுத்த படத்துல அது இருக்கக் கூடாது.”

அவள் தூரிகையைக் கழுவப் போனாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கடைவீதியில் சின்னசாமியைப் பார்த்து அவர் என்ன சொன்னாரோ... அவள் வீட்டு வளைவில் தினமும் அடிக்கிற ஹாரனை அவன் நிறுத்திவிட்டான். ஒரு நாள் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே கேனை எடுத்துக்கொண்டான். அவளுக்கு வேலை கிடைக்க வேண்டுமாம். தன் தகரத்துக்காக அது கெட்டுப்போகக் கூடாதாம். அந்த இடத்தில் ஒரு பூ வைத்துக்கொள்ளச் சொன்னான்.

“எதை வரையணும்னு எங்கப்பா ஒரு பக்கம் சொல்றாரு, நீங்க ஒரு பக்கம் சொல்றீங்க. வரையறவளை யாராச்சும் கேட்டீங்களா?”

அவன் நிமிர்ந்தான். கண்களில் அந்த ஏரி தளும்பியது. ஆனாலும் போய்விட்டான்.

போகட்டுமே. கேன் அவனோடு போகலாம். அதன் நசுங்கல் அவள் விரலில் இருந்தது. பார்க்காமலே லினோவில் வெட்டினாள். லினோவில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் அச்சில் நேராக விழும். டிராயிங் பயிற்சியில் முதல் பாடமே அதுதான். அவள் மாற்றாமல் வெட்டினாள். ‘சி’க்குப் பக்கத்தில் இன்னோர் எழுத்தையும் சேர்த்து வெட்டினாள். மை தடவித் தாளை வைத்து, கரண்டி முதுகால் தேய்த்து உரித்தபோது இரண்டும் இடவலம் மாறி, ஏதோ கொடிக்கோலம் மாதிரி விழுந்திருந்தன.

தேர்வு நாளன்று காலையிலேயே மழை. பஸ் வரவில்லை. அப்பா குடையைப் படங்களுக்குப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். வளைவில் திரும்பிய சின்னசாமியின் ஜீப் தயங்கித் தயங்கி நின்றது. அப்பாவுக்கு வேறு வழியில்லை. முன்னால் ஏறி உட்கார்ந்தார். அவள் பின்னால்.

மேட்டில் ஏறும்போது அவள் செய்தித்தாளைப் பிரித்து, அச்சுப் படத்தை எடுத்து, முன்பக்கமாகத் திருப்பி நெஞ்சுயரத்துக்குப் பிடித்தாள்.

“கண்ணாடில பாருங்க.”

ஓட்டுகிறவனும் பார்த்தான். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார்.

“வண்டியை நிறுத்து, தம்பி,” என்றார் அப்பா.

ஜீப் நின்றது. ஆரோக்கியதாஸ் தோள் துண்டை எடுத்து, ஓட்டுகிறவன் தலைக்கு மேல் ஆவி படிந்திருந்த, பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார். கூடைக்குப் பக்கத்தில் கேன். கேனின் மேல் நேராக, தெளிவாக... ‘சி’, ‘லூ’.

“வேண்டாம்னு சொன்னேனே.”

“சொன்னீங்க. தெரிஞ்சுதாங்கப்பா வெட்டினேன். ஒளிச்சு வெக்க வெட்டல, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல காட்டத்தான் வெட்டினேன். சேலத்துக்காரங்களுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அப்பா ஈரத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

“தேர்வுக்கு நேரமாச்சு,” என்றார் கடைசியில். “ஓட்டு.”

பள்ளிக்கூடத்தில் சேலத்திலிருந்து வந்த தேர்வாளர் நாலு படங்களையும் வரிசையாக வைத்து முகம் சுளித்தார். ஒரே அடுக்கைக் கேட்டால், ஒன்றில் பழம், ஒன்றில் தோல், மற்ற இரண்டில் ஒரு தகரக் கேன்... இது எப்படி ஒரே படமாகும் என்றார்.

“தலைப்பு விளைச்சல்ங்க, சார். விளைஞ்சது அப்படியே இருக்குமுங்களா? யாராச்சும் திம்பாங்க, தோல் காயும், ஆள் வந்து போவாங்க. அதே கல்லுதான், அதே கூடைதான். நடந்ததைத்தான் வரைஞ்சேன். மாத்தச் சொன்னா மாத்த மாட்டேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தலைமை சிஸ்டர்தான் முதலில் சிரித்தார். திங்கட்கிழமை வந்து சேரும்படி சொன்னார்.

வெளியே மழை விட்டிருந்தது. சின்னசாமி ஜீப்பில் சாய்ந்து நின்றான். கையில் ஓர் ஆரஞ்சு. ஒற்றை இலையோடு, இடப்பக்கம் சாய்ந்தது.

“தலைச்சோலை ஊர்ல கிடைச்சுதுங்க. அப்பவே கொண்டாந்து குடுத்திருக்கணும்... தைரியம் வரல.”

“இப்ப வந்துருச்சுங்களா?”

“கண்ணாடில படிச்சப்புறம் வந்துருச்சுங்க.” அவன் குரல் இறங்கியது. “பழம் தின்ன அன்னிக்கே உங்களைப் புடிச்சுப்போச்சு. உங்க நல்லதுக்குன்னுதான் ஒதுங்கினேன்னு நெனச்சேன். இல்லீங்க, பயந்துட்டேன். இனிமே பயப்பட மாட்டேன். உங்கப்பாகிட்டயும் இப்பத்தான் சொன்னேன்.”

அவள் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள். முன்சீட்டு காலியாக இருந்தது. அப்பா பின்னால் போய் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

லூர்துசெல்வி முன்னால் ஏறினாள். ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினாள்.

“ஏனுங்க, அதை வரையலீங்களா?”

“இல்லீங்க.” பாதியைப் பிய்த்து அவன் கையில் வைத்தாள். கண்கள் மட்டும் நிமிரவில்லை. “இதுவும் வழிபோறவங்களுக்கில்லீங்க... கூட வர்றவங்களுக்கு.”

பின்பக்கமாகக் கை நீட்டி அப்பாவுக்கும் ஒரு சுளை கொடுத்தாள். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

“நொம்பப் புளிக்குது,” என்றார்.

வாங்க நீட்டிய கையை மட்டும் அவர் மடக்கவில்லை. அவள் இன்னொரு சுளையை வைத்தாள்.