சரிகைக்குள் போன டிக்கெட்

பத்து வயதில் சித்தி ஆனவர்கள் காஞ்சிபுரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? சானியா ஆகிவிட்டாள். அவர்கள் வீட்டில் சித்தியைக் ‘காலா’ என்பார்கள். திருநெல்வேலியில் அக்கா நஸ்னீனுக்குப் பெண் குழந்தை பிறந்ததிலிருந்து, பால்காரர் முதல் வகுப்பு டீச்சர் வரை எல்லோரிடமும் “நான் இப்போ காலா” என்று சொல்லி முடித்துவிட்டாள்.

குழந்தையைத்தான் இன்னும் பார்க்கவில்லை. அம்மா முன்னாலேயே போய்விட்டார். சானியாவும் அப்பா ஷரீஃபும் வியாழக்கிழமை ராத்திரி செங்கல்பட்டில் ரயில் ஏற வேண்டும். ஆனால் கொட்டிய மழையில் தண்டவாளம் மூழ்கிவிட்டது. சாயங்காலமே ரயில் ரத்து என்று அப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது.

அக்கா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். “அடுத்த வெள்ளிக்கிழமை பேர் வைக்கிறோம். அதுக்கு மேல தள்ள முடியாது. வந்துடுங்க.”

போனை வைத்ததும் அப்பா பெருமூச்சு விட்டார். அவருடையது சின்னச் சரிகைக் கடை. கையில் இருந்ததை டிக்கெட்டிலும் குழந்தையின் கொலுசிலும் போட்டுவிட்டார்.

“டிக்கெட்டும் போச்சு. அடுத்த மாசம் போலாம்மா.”

அடுத்த மாதமா! அதற்குள் பேர் வைத்து, அந்தப் பேரே பழசாகிவிடுமே! சானியா இரண்டு நாள் அழுது பார்த்தாள். அழுது ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் அப்பாவின் போனை எடுத்து, ரயில்வே உதவி எண் 139-ஐ அழுத்தினாள். நெடுநேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பெண் பேசினார்.

“அக்கா, ரத்தான ரயில் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பத் தருவாங்களா?”

“கவுன்ட்டர்ல வாங்கினதாம்மா? முழுப் பணமும் கிடைக்கும். ரயில் கிளம்ப வேண்டிய நேரத்துலேருந்து மூணு நாளைக்குள்ள அசல் டிக்கெட்டைக் கவுன்ட்டர்ல குடுக்கணும்.”

சானியா விரல்விட்டு எண்ணினாள். வியாழன் ராத்திரியிலிருந்து மூன்று நாள் என்றால் இன்று ராத்திரியோடு சரி. அதிலும் ஞாயிற்றுக்கிழமை கவுன்ட்டரை இரண்டு மணிக்கே மூடிவிடுவார்கள். டிக்கெட் வாங்கப் போனபோது அங்கே தொங்கிய பலகையை அவள் படித்திருந்தாள்.

“அப்பா! டிக்கெட் எங்கே?”

அப்பா திருதிருவென விழித்தார். மிச்சம் விழும் சரிகையை, கெட்டிக் காகிதத்தைக் குழாய் போலச் சுருட்டி அதன்மேல் சுற்றி வைப்பது அவர் வழக்கம். பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, எது கிடைத்தாலும் விடமாட்டார்.

“நல்லா கெட்டியா இருந்துச்சுமா…” என்று இழுத்தார்.

“அது மேல சரிகை சுத்திட்டீங்களா?”

“சுத்தி, தனசேகரன் கைல குடுத்துட்டேன். ரயிலே இல்ல, டிக்கெட் எதுக்குன்னு நெனச்சேன்.”

அடுத்த நிமிடம் ஸ்கூட்டர் நெசவாளர் தனசேகரன் வீட்டு வாசலில் நின்றது. விஷயத்தைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு கூடையை எடுத்து வந்தார். உள்ளே பன்னிரண்டு சுருள்கள் மினுமினுத்தன.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்குதே பாய்! எதுல தேடுறது?”

சானியா ஒரு சுருளை எடுத்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். காலண்டர் தேதி தெரிந்தது. அடுத்ததில் ஏதோ கல்யாண மாப்பிள்ளையின் பெயர். எட்டாவது சுருளுக்குள் பொடி எழுத்தில் ‘ரயில்வே’ என்று இருந்தது.

“இதுதான்!”

மணி ஒன்று. அப்பா பரபரவென்று கத்தரிக்கோலைத் தேடினார்.

“வெட்டாதீங்கப்பா! துண்டு துண்டா போச்சுன்னா மாமா எப்படி நெய்வாங்க?”

“கையால பிரிச்சா சிக்கு விழுமேம்மா,” என்றார் தனசேகரன்.

சானியா யோசித்தாள். அறை மூலையில் ராட்டை நின்றது. நெய்வதற்கு முன் சரிகையை அதில்தான் சின்னக் குச்சியில் சுற்றிக்கொள்வார்கள். அந்தக் குச்சிக்குத் தார் என்று பெயர்.

“மாமா, எப்படியும் இதைத் தாருல சுத்தத்தானே போறீங்க? இப்பவே சுத்துங்க. நான் பிடிச்சிக்கிறேன்.”

மேசையில் கிடந்த பென்சிலைக் குழாய்க்குள் நுழைத்து, இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டாள். தனசேகரன் ராட்டையைச் சுழற்றினார். பென்சிலில் சுருள் கிறுகிறுவென்று சுற்றியது. சரிகை ஓரிடத்திலும் அறாமல் தாருக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசி இழையும் போனதும், பென்சிலில் டிக்கெட் மட்டும் நின்றது.

“பாய், எனக்கு ஒரு வேலை மிச்சமாச்சு. நாளைக்கும் பொண்ணை அனுப்புங்க!” என்றார் அவர்.

ரயில் நிலையத்துக்குள் ஓடியபோது இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண்ணின் பெயர்ப் பட்டையில் ஏஞ்சல் என்று எழுதியிருந்தது. அவர் டிக்கெட்டை ஒரு பக்கம் அழுத்தினார். மறுபக்கம் சுருண்டுகொண்டது. அந்தப் பக்கம் அழுத்தினார், இந்தப் பக்கம் சுருண்டது.

“என்னம்மா இது, முறுக்கு மாதிரி பிழிஞ்சிக்கினு வந்திருக்கீங்க?”

“எழுத்து எல்லாம் தெரியுது பாருங்க மேடம்,” என்றாள் சானியா, கொஞ்சமும் அசராமல்.

அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். “இதுல எவ்வளவு பிடிப்பீங்க?”

“ஒண்ணும் பிடிக்க மாட்டோம் சார். ரயிலை ரத்து பண்ணினது நாங்கதானே? முழுசா வாங்கிக்குங்க.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. பணத்தை அவர் வாங்குவதற்குள், சானியா ஒரு தாளைக் கவுன்ட்டருக்குள் நீட்டினாள். ஓடி வந்த வேகத்திலேயே அங்கிருந்த முன்பதிவுப் படிவத்தை நிரப்பி வைத்திருந்தாள். வரும் வியாழக்கிழமை, திருநெல்வேலி, இரண்டு பேர்.

ஏஞ்சல் விசைகளைத் தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி தட்டினார். சானியா எம்பி நின்று திரையை எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு இருக்குது. ஆனா ரெண்டும் மேல் படுக்கை.”

“கூரை மேல குடுத்தாலும் பரவாயில்ல மேடம்!”

புது டிக்கெட் வந்தது. அப்பா அதை வாங்கி, விரலால் தடவிப் பார்த்தார்.

“நல்லா கெட்டியா…”

அவர் சொல்லி முடிப்பதற்குள் டிக்கெட் சானியாவின் கையில் இருந்தது. இன்னொரு கையால் அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, போனைப் பாப்பா காதுல வையி. பாப்பா, நல்லா கேட்டுக்கோ. வெள்ளிக்கிழமை காலைல உன் காலா வர்றாங்க!”