மூன்று பேர் புழங்கும் வீடு

குவளையில் இருந்த மூன்று பல் பிரஷ்களில் சின்னது மட்டும் ஈரமாக இருந்தது.

வேலை முடிந்து வந்து முகம் கழுவப் போனவள், நீர் சொட்டும் கையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீலம் அவளுடையது. கறுப்பும் ரோஜா நிறச் சின்னதும் சும்மா பார்வைக்கு வைத்தவை. அம்மா காலமான பிறகு அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இருந்ததில்லை. குழாயிலிருந்து தெறித்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு துண்டை எடுத்தாள். மற்ற இரண்டின்மேல் ஏன் தெறிக்கவில்லை என்று குறுக்குக் கேள்வி கேட்க அங்கே ஆளில்லை.

எல்லாம் தரகர் கொடுத்த யோசனை. வீட்டை விலைக்குப் போட்டு மாதக்கணக்காகிவிட்டது. வந்தவர்கள் குழாயைத் திறந்து பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், ஜன்னலோரம் நின்று நல்ல காற்று என்று மெச்சினார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். கடைசியில் தரகர் இழுத்து இழுத்து விஷயத்தை உடைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வீட்ல ஒரு குறையும் இல்ல. ஆனா தனி ஆள் இருக்கற வீடுன்னு உள்ள வந்ததுமே தெரியுது. வர்றவங்களுக்கு என்னமோ மாதிரி இருக்கு. குடும்பம் புழங்கற வீடு மாதிரி காட்டுங்க, தானா வித்துப் போயிடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் ரோஷப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அக்கா குடியிருக்கும் கட்டடத்தில், அக்காவின் வாசலுக்கு நேர் எதிரே ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. அத்தான் போனதிலிருந்து அக்காவும் ஒண்டிதான். ரெண்டு கதவையும் திறந்து வச்சுட்டா ஒரே வீடுதான்டி என்று ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரரோ மாதக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன், அப்புறம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இது விற்றால்தான் அது. இல்லாவிட்டால் மிச்சக் காலமும் இந்தக் கூடத்து நாற்காலிதான். கரண்ட் போய்விட்டது என்று புகார் சொல்பவர்களின் கோபத்தை நாள் முழுக்கக் காதில் வாங்குவது அவள் வேலை. முகம் தெரியாத அத்தனை பேருக்கும் பதில் சொல்லிவிட்டு வந்து, பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லாமல் உட்காரும் நாற்காலி அது.

அதனால் கடைக்குப் போனாள். ஆண்கள் சட்டை ஒன்று, சின்னதாக ஒரு ஜோடி ஷூ, முழுக்கை வைத்த மஞ்சள் கவுன் ஒன்று. பொண்ணுக்கு என்ன வயசு என்று கடைக்காரப் பெண் கேட்டாள். ஏழு என்றாள். வயதுக்குக் கொஞ்சம் உயரம், ஆனால் ஒல்லி என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. சொல்லி முடித்ததும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். அந்தச் சந்தோஷத்துக்காகவே வீடு பார்க்க வந்தவர்களிடமும் அளந்துவிட ஆரம்பித்தாள். மகள் பாட்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள், அவருக்கு ஆபீஸில் வேலை கழுத்தை நெரிக்கிறது, ஞாயிற்றுக்கிழமையானால் அப்பாவும் பெண்ணும் பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார்கள் என்று பொய் சரளமாக வந்தது. வந்தவர்கள் சிரித்தார்கள். உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள்.

பிரஷ்ஷுக்கு அடுத்தது சட்டை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியபோது புதுத்துணிக்கே உரிய கஞ்சி வாசனையோடு மொடமொடவென்றிருந்த சட்டை, ஒரு சாயங்காலம் அதைக் கடந்து போனபோது தொளதொளவென்று தொங்கியது. கிட்டே போய் முகர்ந்தாள். பேருந்தில் நெரிசலில் நின்று வந்தவனின் வியர்வையும், கழுத்துப் பட்டையில் பழைய எண்ணெய்ப் பிசுக்கும், அடியில் மெல்லிதாகச் சிகரெட் வாடையும் அடித்தன. அப்புறம் ஷூவின் அடியில் ஈர மண். அப்புறம் அவள் ஒருநாளும் படுக்காத சின்ன அறைக் கட்டிலில் அமுங்கிக் கிடந்த தலையணை. தொட்டால் அதில் சூடு இருந்தது.

பிறகு அந்தச் சத்தம். கூடத்தில் அவள் சாப்பிட உட்காரும்போதெல்லாம், கால் தரையில் எட்டாத குழந்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குதிகாலால் பலகையை இடிப்பதுபோல டொக், டொக் என்று அவசரமில்லாமல் கேட்டது. எழுந்து போனால் நின்றுவிடும். வந்து உட்கார்ந்தால் மறுபடியும் டொக், டொக். சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தாள்.

எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டி வரைக்கும் போய்விட்டாள். அப்போதுதான் தரகர் கூப்பிட்டார். போன வாரம் வந்த கணவன் மனைவிக்கு வீடு பிடித்துவிட்டதாம், நாளைக்குச் சாயங்காலம் வந்து பேசி முடித்துவிடுவார்களாம். அந்தக் குழந்தை அறையைப் பார்த்துத்தான் அந்தம்மா மயங்கியிருக்கிறார், ஒன்றையும் மாற்றிவிடாதீர்கள் என்றார். அவள் தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு நாள்தானே என்று நினைத்தாள். திரும்பி வந்து தன் கையாலேயே சட்டையை ஆணியில் மாட்டினாள், கவுனை மடித்துக் கட்டில்மேல் வைத்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வந்தார்கள். கணவர் ஃபிரிட்ஜ் வைக்கும் இடத்தை அளந்துகொண்டிருந்தார். மனைவி, நான் அந்த ரூமை இன்னொரு தடவை பார்த்துக்கறேன் என்று தனியாக உள்ளே போனார். விளக்குப் போடும் சத்தம் கேட்கவில்லை. அவர் யாருடனோ கொஞ்சிப் பேசுவது கேட்டது. சிரிப்புக் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பிள்ளைகிட்ட இன்னும் சொல்லலையா நீங்க?" என்றார்.

"என்ன சொல்லல?"

"வீட்ட விக்கறதைத்தான். முகத்தைப் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டு, அம்மா போயிட்டா நாங்க எங்க போறதுன்னு கேக்குறா. நான் என்னன்னு பதில் சொல்றது?"

எனக்குக் குழந்தையே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் இத்தனை நாள் அளந்தது எல்லாம் பொய்யாகும், வியாபாரம் கைநழுவும். எதிர்வாசல் கைநழுவும். அக்கா கைநழுவுவாள்.

"அவ அப்படித்தான் ஏதாவது சொல்லுவா" என்றாள். "நான் சமாதானம் பண்ணிக்கறேன்."

அந்தம்மா தலையை ஆட்டினார். "உங்க வீட்டுக்காரரும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்கம்மா. ஒரு குடும்பத்தோட வயித்தெரிச்சல்ல எங்களுக்கு வீடு வேணாம்."

எவ்வளவோ கெஞ்சினாள். கணவர் சங்கடத்தோடு அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அவர்கள் படியிறங்கிப் போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

கூடத்தில் இருட்டு கட்டியது. விளக்கைப் போட வேண்டும்.

டொக். டொக்.

நின்றது.

கட்டில் முனகியது. கனமான ஆள் எழுந்திருக்கும்போது முனகுவதுபோல.

வாசல் கதவு நாலு எட்டில் இருந்தது. கால் நகரவில்லை.

முதலில் ஷூ வந்தது. சின்ன ஷூ. அதற்கு மேலே கால் இல்லை. வெறும் இருட்டு. அதற்கு மேலே மஞ்சள் கவுன். ஒல்லியாக. வயதுக்குக் கொஞ்சம் உயரமாக. கழுத்துப் பட்டைக்கு மேலே ஒன்றும் இல்லை. அவள் வாங்கிக் கொடுத்தது அவ்வளவுதான்.

பக்கத்தில் வியர்வை வாசனை கடந்து போனது. சட்டை வாசலுக்குப் போனது. தாழ்ப்பாள் விழுந்தது.

கவுன் அவள் முன்னால் வந்து நின்றது. இரண்டு கைகளையும் மேலே நீட்டியது.

தூக்கச் சொல்லி.

கத்தத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் குனிந்தாள். கைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாகப் பிடித்தன. அது இடுப்பில் ஏறி உட்கார்ந்தது. கனமாக இருந்தது. சூடாக இருந்தது. காதோரம் மூச்சு விட்டது, வாய் இல்லாத இடத்திலிருந்து.

மேசைமேல் போன் அடித்தது. அக்காவாகத்தான் இருக்கும், முடிஞ்சுதாடி என்று கேட்க. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

கழுத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் துணிக் கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின.